வாங்காத பீஸுக்கு ஒரு சர்டிபிகேட்

வக்கீல் குமாஸ்தா தொழிலில், சர்க்காரை எதிர்த்துக் கேஸ் ஜெயிப்பது பாதி வேலைதான். ஜெயித்த பிறகு அதே சர்க்காரிடமிருந்து வக்கீல் பீஸை வாங்குவது மீதி ஒன்றரை வேலை.

என்னைப் போலவே ஜன்னல் ஜன்னலாக நின்று கால் வீங்கியவர்கள், "நாளைக்கு வாங்க" என்று கேட்டுக் கேட்டு நாளை என்கிற நாளின் மேலேயே நம்பிக்கை போனவர்கள், இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் ஒரே ஒரு தடவை, ராயபுரத்து மாடி ஆபீஸ் ஒன்றிலிருந்து கிளம்பிப் போய், அந்தப் பீஸை சர்க்கார் கஜானாவிலிருந்து வாங்கிக் காட்டினோம். சொல்லிக்கொள்ள எனக்கு இருக்கிற பெருமை அது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகம்

நான் படித்தது எட்டாம் வகுப்பு. அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையில் ராத்திரி டைம் கீப்பர். ஷிப்டுக்கு வருகிறவர்களின் டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டால், விடிகிற வரைக்கும் நானும் அந்த ஆணிப் பலகையும்தான். காலையில் வீட்டுக்குப் போனாலும் அதே கதை. மனைவி தவறிப்போன பிறகு, பகலில் காலி வீட்டில் கண்ணை மூடினால் தூக்கம் வராது, நினைப்புதான் வரும். அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயாவது சுற்றுவேன். அப்படிச் சுற்றும்போதுதான் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் அகப்பட்டது. இங்கிலீஷ் புத்தகம். அட்டை கிடையாது. கடைசியில் சில பக்கங்களும் கிடையாது. சுண்டல் மடிக்கப் போயிருக்கும். மீதி ஒழுங்காக இருந்ததால் பேரம் பேசி வாங்கி வந்தேன்.

டிக்‌ஷனரியை ஒரு பக்கம், சட்டத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு, இரண்டு வருஷத்தில் அதை நெட்டுருப் போட்டுவிட்டேன். எந்த விரல் போனால் எவ்வளவு, எந்தக் கண் போனால் எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், தூக்கம்தான் இல்லை. பாய்லரில் வேலை செய்த துரை, டீ கிளாஸை என் மேஜையில் வைத்துவிட்டு, என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "இன்னா மாமு, கை காலு எல்லாம் நல்லாத்தானே கீது உனுக்கு? எது எப்போ பூடும்னு இப்பவே வெலை பாத்து வெச்சிக்கிறியா?"

மாடிப்படி வாசனை

ராயபுரத்தில் எமிலி அம்மாள் என்று ஒரு வக்கீல். துறைமுகத்தில் கணக்கெழுதி ரிடையரான ஒருவரின் மகள். சிவில் கோர்ட்டில் பெரிய வக்கீல் ஒருவரிடம் ஜூனியராக இருந்தவர், வேலை செய்யும் இடத்தில் அடிபட்டு ஊனமானவர்களின் கேஸை மட்டும்தான் எடுப்பேன் என்று தனியாக வந்து போர்டு மாட்டினார். அந்தப் போர்டைப் பார்த்துத்தான் நான் மாடி ஏறினேன். "சம்பளம் வேண்டாம்மா, உட்கார ஒரு ஸ்டூல் போதும்" என்றேன். சட்டத்தில் ஒன்றிரண்டு கேட்டுப் பார்த்தார். பிரிவு எண்ணோடு ஒப்பித்தேன். அன்றைக்கே ஸ்டூல் கிடைத்தது. ராத்திரி ஷிப்டு முடிந்து, குளித்துவிட்டு, பத்து மணிக்கெல்லாம் அங்கே இருப்பேன்.

ஆபீஸ் இருந்தது ஒரு கருவாட்டு மண்டியின் மாடியில். கீழே திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மொத்த வியாபாரம் செய்தார். கட்டிடமும் அவருடையதுதான். நெத்திலி, வாளை, சுறா என்று கூடைகள் மாடிப்படி வரைக்கும் அடுக்கியிருக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். பைல், பேனா, அம்மாவின் கறுப்புக் கோட்டு எல்லாவற்றிலும் அந்த வாசனை ஏறிவிட்டது. ஆனால் அண்ணாச்சி தங்கமான மனிதர். ஆரம்பத்தில் சில மாதம் வாடகை வாங்கினார். அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டார். அம்மா தயங்கித் தயங்கி, "அண்ணாச்சி, இந்த மாசமும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தால், "இருக்கட்டும்மா, இருக்கட்டும்" என்று கையை ஆட்டிவிடுவார். தெருவே அவரைப் புகழ்ந்தது.

வாசனைக்கு நாங்கள் பழகிவிட்டோம். எதிர்த்தரப்புக்குத்தான் பழகவில்லை. எங்களுக்கு எதிராக அடிக்கடி ஆஜராகிற சர்க்கார் வக்கீல் ஒருவர், பொடி போடுகிற பெரியவர், முதல் நாள் எங்கள் மனுவை என் கையிலிருந்து வாங்கியதுமே கர்சீப்பை மூக்குக்குக் கொண்டுபோனார். "ஏன்யா கோதண்டம், இதைப் பிரிச்சுப் படிக்கவே வேணாம் போலிருக்கே, ராயபுரத்துக் கேஸுன்னு மூக்கே சொல்லிடுதே!"

பிலோமினா கேட்ட கேள்வி

சூசை என்பவர் ஒரு சர்க்கார் யார்டில், பாரம் இழுக்கிற வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தவர். யார்டின் பெயர் வேண்டாம், முடிந்துபோன கதை. கம்பி வடத்தில் சிக்கி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. தினக்கூலிதானே, தற்காலிக ஆள்தானே என்று யார்டு கையை விரித்துவிட்டது. விரித்த கையில் ஐந்து விரலும் இருந்திருக்கும். சூசையை மாடிக்கு அழைத்துவந்தது அவர் மனைவி பிலோமினா. காசிமேட்டு மணலில் மீன் காயவைத்து விற்கிறவர். கீழே அண்ணாச்சிக்கு வாராவாரம் சரக்குப் போடுவதால் எங்கள் போர்டு அவர் கண்ணில் பட்டிருந்தது.

பிலோமினா கேட்ட முதல் கேள்வியே பீஸ் எவ்வளவு என்பதுதான். "உங்க நஷ்டஈட்டுப் பணத்துல நான் கை வைக்கிறதில்ல" என்றார் அம்மா. நான் ஸ்டூலிலிருந்து எழுந்தேன். ஜெயித்தால் வக்கீல் பீஸை சர்க்காரே கொடுத்துவிடும், சட்டத்திலேயே இருக்கிறது என்று விளக்கினேன். அம்மாவுக்கு ஒரு சந்தேகம். "சிவில் கோர்ட்டுல, கட்சிக்காரர்கிட்ட இவ்வளவு பீஸ் வாங்கினேன்னு வக்கீல் ஒரு சர்டிபிகேட் போட்டாத்தான் அது செலவுக் கணக்குல சேரும். இங்கே அந்த மாதிரி எதுவும் உண்டா கோதண்டம்?" நான் சிரித்தேன். "கிடையாதும்மா. புத்தகம் முழுக்கப் படிச்சவன் சொல்றேன்."

சூசைக்கு சந்தோஷம். அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பாதி விரல்களோடு அந்தக் கும்பிடு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. பிலோமினா மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே நின்றார். படி இறங்கும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இன்னாண்ணே இது? காசு வாங்காத வக்கீலாண்ட, கேஸு இன்னா ஆச்சுன்னு நான் எப்டி அதட்டிக் கேக்கறது?"

பீடி

கேஸ் ஒரு வருஷம் நடந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிலோமினா மாடி ஏறி வந்து, கேஸ் என்ன ஆச்சு என்று அதட்டலாகவே கேட்டுவிட்டுப் போவார். நஷ்டஈட்டுக் கமிஷனர் முன்னால் சர்க்கார் வக்கீல் இரண்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். ஒன்று, சூசை தற்காலிக ஆள். அதற்கு எமிலி அம்மாள் அதிகம் பேசவில்லை. "வேலை தற்காலிகமா இருக்கலாம் சார், விரல் நிரந்தரமா போயிருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். நான் பின்னால் நின்றுகொண்டு, ராத்திரி தூங்காததெல்லாம் தீர்ந்துபோன மாதிரி நிமிர்ந்தேன்.

இரண்டாவது விஷயம், சூசையால் இனி வின்ச் ஓட்ட முடியாவிட்டாலும் வாட்ச்மேன் வேலை பார்க்கலாமே, சம்பாதிக்கிற சக்தி எங்கே குறைந்தது என்பது. கமிஷனர் சூசையைப் பார்த்து, "என்னப்பா, வாட்ச்மேன் வேலைக்கு விரல் எதுக்கு?" என்று நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சூசை வலது கையைத் தூக்கிக் காட்டினார். கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் நின்றன. "ராவெல்லாம் முழிச்சிகினு குந்தணும்னா பீடி வோணும் சார். அத்த நான் இப்போ எங்கே சொருவுறது, நீங்களே சொல்லுங்க."

ஜெயித்தவனுக்கு எதற்குக் காசு

ஜெயித்தோம். உத்தரவின் கடைசி வரியில் "செலவுத் தொகையுடன்" என்று இருந்தது. அந்த ஒரு வார்த்தையை நான் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதீர்கள். நஷ்டஈட்டுப் பணம் சூசை கைக்கு வந்தது. ஒரு பைசா பிடித்தம் இல்லை. நான் செலவுப் பட்டியல் தயாரித்தேன்: ஸ்டாம்பு, வக்காலத்து, நகல், சாட்சிப் படி, எல்லாவற்றுக்கும் கீழே, கொட்டை எழுத்தில், வக்கீல் பீஸ்.

அப்புறம் ஆரம்பித்தது ஜன்னல் யாத்திரை. யார்டின் தலைமை ஆபீஸில் முதல் ஜன்னல் இரண்டாவதைக் காட்டியது, இரண்டாவது மாடியைக் காட்டியது, மாடி சாப்பாட்டு நேரத்தைக் காட்டியது. மூன்று வாரம். ஷிப்டு முடிந்து நேராகப் போய் நிற்பேன். நின்றபடியே கண்ணை மூடிக்கொண்டு, வரிசை நகரும்போது நகரவும் கற்றுக்கொண்டேன். கடைசியில் ஸ்டாம்புக்கும் நகலுக்கும் பணம் கொடுத்தார்கள். வக்கீல் பீஸை மட்டும் சிவப்பு மசியில் அடித்திருந்தார்கள். ஏன் என்று கேட்டேன். கண்ணாடி போட்ட செக்‌ஷன் கிளார்க் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் ஜெயிச்சிட்டீங்களே சார்! ஜெயிச்சவனுக்கு எதுக்கு இன்னும் காசு? தோத்தவன் வந்து கேட்டாலும் ஒரு நியாயம் இருக்கு."

சுண்டல் மடித்த பக்கம்

நியாயம் கேட்கக் கமிஷனர் ஆபீஸுக்குப் போனேன். அங்கே ஹெட் கிளார்க் நல்ல மனிதர். அட்டை போட்ட முழுப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கங்களைத் திருப்பி, ஒரு விதியில் விரலை வைத்தார். கட்சிக்காரரிடமிருந்து பீஸ் வாங்கியதாக வக்கீல் சர்டிபிகேட் கொடுத்தால் ஒழிய, வக்கீல் பீஸ் செலவுத் தொகையில் சேராது. என் புத்தகத்தில் சுண்டலோடு போன பக்கம் அதுதான். யாரோ ஒருவர் மெரினாவில் உட்கார்ந்து எங்கள் ஆபீஸ் வாடகையைத் தின்றுவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் போட்டிருக்கிறார்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை. அலமாரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்தப் பீஸ் வந்தால் அண்ணாச்சிக்குப் பாக்கியை அடைத்துவிட்டு இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்று நினைத்தாராம். வராவிட்டால் மாசக் கடைசியில் ஆபீஸை மூடிவிட்டு, மணலியில் ஒரு கம்பெனி கூப்பிட்டிருக்கிற வேலைக்குப் போவதாக இருக்கிறாராம். ஒருத்தர் தருமத்தில் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது என்றார். அலமாரியில் ஏழு பைல்கள் நாடா கட்டிக் காத்திருந்தன. வியாசர்பாடி ரயில்வே கூலியின் கால் அதில் இருந்தது. எண்ணூர்க்காரர் ஒருவரின் இரண்டு கண்ணும் இருந்தன. நான் குரலைத் தாழ்த்தி, "வாங்கினதா முன் தேதி போட்டு ஒரு சர்டிபிகேட்..." என்று ஆரம்பித்தேன். அம்மா என் பக்கம் திரும்பினார். "பொய்க் கையெழுத்துப் போடத் தெரிஞ்சிருந்தா, நான் ஏன் கோதண்டம் கருவாட்டு மாடியில உட்கார்ந்திருக்கேன்?"

சூசை சொன்ன நல்ல வார்த்தை

பொய் இல்லாமல் ஒரு மனுப் போட்டோம். வக்கீல் பீஸ் வாங்கவில்லை. ஆனால் வேலை செய்திருக்கிறார். ஜெயித்தால் சர்க்கார் தரும் என்ற நம்பிக்கையில் செய்திருக்கிறார். ஆகவே கமிஷனரே ஒரு தொகையைத் தீர்மானிக்க வேண்டும். எழுதியது நான். எழுதும்போதே கை கூசியது. அந்த நம்பிக்கையைக் கொடுத்தவனும் நான்தானே.

விசாரணை அன்று பிலோமினா வரவில்லை. மீன் காய்கிற வெயிலை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். சூசை மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். சர்க்கார் வக்கீல் பொடி டப்பாவை மூடிவிட்டு, ரொம்ப மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சூசை, இந்தம்மா உங்ககிட்ட ஏதாவது பீஸ் வாங்கினாங்களா?" சூசைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "யாரு, எங்கம்மாவா? மாதா மேல ஆணையா சொல்றேன், ஒரு நயா பைசா தொடல சார்! டீ வாங்கியாந்தாக்கூட காசு குட்துட்டுத்தான் குடிப்பாங்கோ. ஊர்ல இருக்கிற வக்கீலுங்க மாதிரி இல்ல சார் அவங்க!" சர்க்கார் வக்கீல் அந்தக் கடைசி வார்த்தையையும் புன்சிரிப்போடு வாங்கிக்கொண்டு, கமிஷனரைப் பார்த்துக் கையை விரித்தார். கொடுக்காத பணம் செலவு ஆகாது. ஆகாத செலவைத் திருப்பித் தர முடியாது. கமிஷனர் ஒரு வார வாய்தா கொடுத்தார். பீஸ் கொடுத்ததற்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், இல்லாவிட்டால் மனு தள்ளுபடி.

அம்மா பைலை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தபோது சூசை ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டார். "அம்மாவப் பத்தி நாலு பேரு எதுருல நல்லதா சொல்லணும்னு எவ்ளோ நாளா ஆசை வாத்யாரே. அது இன்னா, தப்பா பூட்ச்சா?"

அண்ணாச்சியின் நல்ல பெயர்

அந்த வாரம் முழுக்க மாடியில் காகிதம் கட்டுகிற சத்தம்தான். அண்ணாச்சிக்கு விஷயத்தைச் சொல்ல என்னை அனுப்பினார் அம்மா. கல்லாவில் உட்கார்ந்து எடைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தவரிடம், "அம்மா மாசக் கடைசியில காலி பண்றாங்க அண்ணாச்சி. பதினஞ்சு மாச வாடகைப் பாக்கியைக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடுவாங்க. நீங்க காட்டின பெருந்தன்மைக்கு..." என்று நான் மனப்பாடம் செய்த வாக்கியத்தை ஆரம்பித்தேன். அண்ணாச்சியின் பென்சில் நின்றது. "பாக்கியா? எந்தப் பாக்கிய சொல்லுதீரு?"

பிறகு அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எழுந்துபோய் வாசலைப் பார்த்துவிட்டு வந்தார். கல்லாவுக்கு அடியிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு நீள நோட்டை எடுத்து என் முன்னால் போட்டார். பக்கத்துக்குப் பக்கம் ஒரே மாதிரி எழுதியிருந்தது: பிலோமினா, ஒரு கூடை, மாடி வாடகைக்குக் கழித்தது. சூசை கேஸ் போட்ட மாதத்திலிருந்து நேற்று வரைக்கும். வாராவாரம் சரக்கு இறக்கும்போது பிலோமினா ஒரு கூடைக்குப் பணம் வாங்குவதில்லை. அம்மாவிடம் வாடகை கேட்கக் கூடாது. விஷயத்தைச் சொன்னால் அடுத்த வாரத்திலிருந்து கருவாடு பக்கத்து மண்டிக்குப் போய்விடும். அதுதான் ஒப்பந்தம். நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போன கூடைகளில்தான் எங்கள் வாடகை இருந்திருக்கிறது.

"அப்புறம் எதுக்கு அண்ணாச்சி, அம்மா கேக்கும்போதெல்லாம் 'இருக்கட்டும், இருக்கட்டும்'னு சொன்னீங்க?" என்றேன். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெருவே என்னை வள்ளல்னு சொல்லுதுல்லாவே! கைக்காசு போடாம வர்ற நல்ல பேரை வேண்டாம்னு சொல்ல எவனுக்கு மனசு வரும்?"

படியில் ஒரு பஞ்சாயத்து

நோட்டை மாடிக்குக் கொண்டுபோனேன். அம்மா நின்றபடியே படித்தார். ஒரு பக்கம், இரண்டு பக்கம். கோபமா, அழுகையா என்று எனக்குப் புரியவில்லை. "இத்தனை மாசமா நான் யாருக்கு நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன் கோதண்டம்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் சரக்கு இறக்க வந்த பிலோமினாவை மாடிப்படியிலேயே மறித்தோம். தலையில் கூடையோடு நிமிர்ந்து நின்றார். அண்ணாச்சியைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். அவர் மூட்டைக்குப் பின்னால் போய்விட்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்காம இப்படிச் செய்யலாமா பிலோமினா?" என்றார் அம்மா. பிலோமினா கூடையை இறக்கி வைத்தார். குனிந்த தலையோடு அல்ல, கணக்குத் தீர்க்க வந்தவர் மாதிரி. "கேட்டா வாணாம்னுவீங்கோ. வாணாம்னா நான் வேற வக்கீலப் பாக்கணும். எனுக்கு வேற வக்கீல் வாணாம். அதான் கேக்கல."

தர்மமா, பீஸா

வாய்தா அன்று கமிஷனர் அறையில் ஒரு கூட்டமே இருந்தது. சூசை வாய் திறக்கக் கூடாது என்று பிலோமினா சத்தியம் வாங்கியிருந்தார். அண்ணாச்சி பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு வந்து, தான் வள்ளல் அல்ல என்பதைப் பிரமாணம் செய்து ஒப்புக்கொண்டார். அந்த ஒரு வாக்கியத்துக்கு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். நோட்டு மேஜைக்குப் போனது. கமிஷனர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, டபேதாரைக் கூப்பிட்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னார். "இதுக்கு எக்ஸிபிட் நம்பர் போடுங்க. போட்டுட்டு என் மேஜையில வைக்காதீங்க."

சர்க்கார் வக்கீல் விடவில்லை. வக்கீலுக்கே தெரியாமல் கொடுத்தது எப்படி பீஸ் ஆகும் என்றார். எமிலி அம்மாள் எழுந்தார். "எனக்குத் தெரியாம இருக்கலாம் சார். ஆனா பதினஞ்சு மாசம் அந்தக் கூரைக்குக் கீழ உட்கார்ந்துதான் இந்தக் கேஸை நடத்தினேன். வாங்கலைன்னு இத்தனை நாள் நான் சொன்னதுதான் தப்பு. வாங்கியிருக்கேன். இன்னைக்கு சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடறேன்." என் கையிலிருந்த காகிதத்தை வாங்கி அங்கேயே கையெழுத்துப் போட்டார். முன் தேதி இல்லை, அன்றைய தேதி.

இருந்தாலும் கமிஷனருக்கு ஒன்று தீரவில்லை. பிலோமினாவை முன்னால் அழைத்தார். பரிதாபப்பட்டுக் கொடுத்ததென்றால் அது தர்மக் கணக்கு. சர்க்கார் அதைத் திருப்பித் தர முடியாது. யோசித்துச் சொல்லும்மா, நீ கொடுத்தது தர்மமா, பீஸா என்றார். அலமாரியில் இருந்த ஏழு பைலும் அந்தப் பதிலுக்காகத்தான் காத்திருந்தன. பிலோமினா யோசிக்கவே இல்லை. "தர்மம்னா கோயில் உண்டியில போடுவேன் சாமி, வக்கீலாண்ட எதுக்குப் போடறேன்? ஒவ்வொரு வாய்தாவும் மாடி ஏறி, கேஸு இன்னா ஆச்சுன்னு அதட்டிக் கேட்டுகினு இருந்தேனே, அது பீஸு குட்த தைரியம்."

சில்லறை மராமத்து

மனு அனுமதிக்கப்பட்டது. பதினைந்து மாத வாடகைக்கு ஈடான தொகையை வக்கீல் பீஸாக ஏற்று, சூசை தரப்புக்குச் செலுத்த உத்தரவு. வெளியே வரும்போது சர்க்கார் வக்கீல் என் தோளில் கை போட்டார். தோற்றவர் மாதிரியே தெரியவில்லை. "போகட்டும் கோதண்டம். அந்த அண்ணாச்சிகிட்ட நெத்திலி சில்லறையா குடுப்பாரா, இல்ல கூடையாத்தான் வாங்கணுமா?"

இதோடு முடிந்தது என்று நீங்கள் நினைத்தால் நீங்கள் ஜன்னலில் நின்று பழகாதவர். யார்டு ஆபீஸில் அதே கண்ணாடிக்காரர் உத்தரவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கள் வக்கீலுக்குக் கொடுக்கக் கணக்கில் செலவுத் தலைப்பு இருக்கிறது. எதிராளியின் வக்கீலுக்குக் கொடுக்கக் கணக்கில் தலைப்பே இல்லை என்றார். தலைப்பு இல்லாவிட்டால் பணம் இல்லை. நான் அன்று ஆபீஸ் மூடுகிற வரைக்கும் கிளம்பவில்லை, மறுநாளும் போனேன். அவர் மேஜைக்கு எதிரே, ராத்திரி ஆணிப் பலகைக்கு எதிரே உட்காருகிற மாதிரி உட்கார்ந்துகொண்டேன். இந்த வித்தையில் என்னை ஜெயிக்க அந்த ஆபீஸில் ஆள் கிடையாது. எனக்குத் தூக்கம் வராது. மூன்றாவது நாள் மத்தியானம் அவர் பேனாவை மசியில் தோய்த்தார். "சில்லறை மராமத்துல போட்டுட்டேன். எடுத்துக்கிட்டுப் போங்க சார், உங்களைப் பார்த்தா எனக்கே கொட்டாவி வருது."

விலை ஏறிப்போச்சு

பணத்தைப் பிலோமினா கையில்தான் கொடுக்க வேண்டும் என்றார் அம்மா. கொடுத்தவர் அவர், திரும்பி வருவதும் அவருக்கு. மாடியில், சூசைக்கும் அண்ணாச்சிக்கும் எதிரில் கொடுத்தோம். கதைகளில் என்றால் பிலோமினா அதை அம்மாவின் காலடியில் வைத்திருப்பார். நிஜத்தில் எச்சில் தொட்டு எண்ணி, முந்தானையில் முடிந்துகொண்டார். எனக்கு அதைப் பார்க்க எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. சர்க்கார் நோட்டு, ஒரு மீன்காரம்மாவின் முந்தானையில், அவர் உரிமையாக.

போர்டு இறங்கவில்லை. அடைக்கப் பாக்கி எதுவும் இல்லை, கட்சிக்காரர் கொடுக்கிற பீஸ் சர்க்காரிடமிருந்து அவருக்கே திரும்பி வரும் வழியும் தெரிந்துவிட்டது, இனி கூசாமல் பீஸ் வாங்கலாம். மணலி கம்பெனிக்கு அம்மா ஒரு மரியாதையான கடிதம் எழுதினார். அடுத்த நாளிலிருந்து ஆபீஸில் புதுப் பழக்கம்: வருகிறவர் யாராக இருந்தாலும் முடிந்ததை வாங்கி, ரசீது போட்டு, சர்டிபிகேட்டை பைலின் முதல் பக்கத்திலேயே தைத்துவிடுவோம். வியாசர்பாடிக்காரர் கொடுத்தது ஒரு ரூபாய். அதற்கும் ரசீது உண்டு. என் பழைய புத்தகத்தின் பின்னால் அந்த விதியைக் கையால் எழுதி ஒட்டிவைத்தேன். பணம் வாங்கிய அன்று பிலோமினா படி இறங்கும் முன் திரும்பி நின்று சொன்ன கடைசி வார்த்தை இதுதான்: "இனிமே வாடகை உங்குளுது தாயி. கேஸு முடிஞ்சுபோச்சு, கருவாடும் வெலை ஏறிப்போச்சு."

சட்டத்தை வரி வரியாக நெட்டுருப் போட்ட நான், எங்களுக்கு வரவேண்டிய பீஸ் பதினைந்து மாதமாக மாடிப்படி ஓரத்திலேயே வந்து இறங்கிக்கொண்டிருந்ததை, தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் தாண்டிப் போயிருக்கிறேன்.